நாடாவின் நேரமும் கைபேசியின் நேரமும்

பெற்றோரின் திருமணம் பதிவான விஎச்எஸ் கேசட் ஒன்று. மகளின் திருமணத்தை உறவினர்கள் கைபேசியில் எடுத்த கோப்புகள் சில. இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கித் தரும்படி எடிட்டிங் அறைகளுக்கு வேலை வருவது இன்று சாதாரணம். இரண்டுக்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டுகள். ஒன்று காந்தப் பூச்சுள்ள நாடா. மற்றது எண்களாலான கோப்பு. ஒன்றைக் கணினிக்குள் ஏற்ற விசிஆரும் கேப்சர் கருவியும் வேண்டும். மற்றதை இழுத்து டைம்லைனில் போட்டாலே போதும். ஆயினும் இரண்டைப் பற்றியும் எடிட்டர்கள் சொல்லும் முதற்குறை ஒன்றேதான்: உதடு ஒரு நேரத்தில் அசைகிறது, குரல் வேறொரு நேரத்தில் வருகிறது.

இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று கடந்துவிடுவோர் உண்டு. கேசட்டில் சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒத்துப்போவது, போனால் நாடா பழையது என்பார்கள். கைபேசிக் கோப்பில் போனால் மென்பொருள் சரியில்லை என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நோய் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

முதலில் கேசட். பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் விசிஆரின் தலை உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம், நொடிக்கு 25. கணக்குப்படி 40 மில்லிநொடிக்கு ஒரு ஃபிரேம் வந்தாக வேண்டும். ஆனால் அதை நடத்துவது மோட்டாரும் ரப்பர் உருளையும் இழுபட்டுத் தளர்ந்த நாடாவும். ஒரு ஃபிரேம் சற்று முந்தும், அடுத்தது சற்றுப் பிந்தும். நாடா கசங்கிய இடத்தில் ஒத்திசைவுத் துடிப்பே காணாமற்போகும். கேப்சர் கருவி அந்த ஃபிரேமை அடையாளம் காணாமல் விட்டுவிடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி இந்தத் தள்ளாட்டத்தைப் பொறுத்துக்கொண்டது. கேப்சர் கருவி பொறுப்பதில்லை.

அடுத்து கைபேசி. அமைப்புப் பக்கத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று எழுதியிருக்கும். மண்டபத்தின் வெளிச்சம் குறைந்ததும் கருவி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் ஒளி தேடுகிறது. ஃபிரேம்களின் இடைவெளி நீள்கிறது. செயலி சூடேறினாலும் இதே கதைதான். ஒரே பதிவில் முற்றத்துக் காட்சி நொடிக்கு 30 ஆகவும், உள்ளறைக் காட்சி 24 ஆகவும் அமையலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைபேசித் திரையில் ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. டைம்லைனில் ஏறிய பிறகே தெரியும்.

ஆக, மாறும் ஃபிரேம் வேகம் கைபேசி யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று. விஎச்எஸ் கேசட்டும் தன் அளவில் மாறும் வேகத்தில் ஓடிய கருவியே. முன்னதில் தடுமாற்றம் இயந்திரத்தின் தளர்ச்சியால் வந்தது. பின்னதில் கருவியே கணக்குப் போட்டுத் தடுமாறுகிறது. சீரான வேகம் வேண்டும் என்று அடம்பிடிப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எடிட்டிங் மென்பொருள்தான். அதன் டைம்லைன் ஃபிரேம்களை எண்ணியே நேரத்தைக் கணிக்கிறது: 25 எண்ணினால் ஒரு நொடி. எண்ணிக்கையும் கடிகாரமும் ஒன்றே என்னும் இந்த நம்பிக்கையை நாடாவும் பொய்யாக்குகிறது, கைபேசியும் பொய்யாக்குகிறது.

நோய் ஒன்றானால் மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை வருகிறது. கேசட்டுக்கு வல்லுநர்கள் பரிந்துரைப்பது டிபிசி எனப்படும் நேரத் திருத்தி. தொலைக்காட்சி நிலையங்கள் 1970களிலேயே இதைப் பயன்படுத்தின. முழு ஃபிரேம் டிபிசி, வரும் ஃபிரேமை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கடிகாரத்தின்படி சீரான இடைவெளியில் வெளியே அனுப்புகிறது. உரிய நேரத்தில் புது ஃபிரேம் வராவிட்டால் பழையதையே மீண்டும் அனுப்பும். இரண்டு நெருங்கி வந்தால் ஒன்றை விட்டுவிடும். கைபேசிக் கோப்புக்குப் பரிந்துரைப்பது ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்து மறுகுறியாக்கம் செய்வது. அது செய்வதும் இதையேதான்: இல்லாத இடத்தில் ஃபிரேமை இரட்டிக்கிறது, மிகுந்த இடத்தில் ஒன்றை நீக்குகிறது. ஒன்று இரும்புப் பெட்டி, மற்றது இலவச மென்பொருள். ஆனால் இரண்டின் தர்க்கமும் வரிக்கு வரி ஒன்று.

வேறுபாடும் இந்த இடத்திலேயே தொடங்குகிறது, அது சிறியதன்று. கைபேசி தன் சீரின்மையை ஒளிப்பதில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது எப்போது காட்டப்பட வேண்டும் என்ற நேர முத்திரையைக் கோப்பிலேயே எழுதி வைக்கிறது. மீடியாஇன்ஃபோ என்னும் மென்பொருளில் திறந்தால் வேகம் மாறுவது என்ற குறிப்பும், மிகக் குறைந்த வேகமும் மிகக் கூடிய வேகமும் தெரியும். நாடாவுக்கு அத்தகைய நாட்குறிப்பு இல்லை. ஃபிரேம் எப்போது வந்தது என்பதை, அது வந்த கணத்தில் கவனித்தால்தான் உண்டு. எனவே கைபேசிக் கோப்பில் நடப்பது வாசிப்புப் பிழை, கேசட்டில் நடப்பது இழப்பு.

இரண்டிலும் ஒலி பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது. பிறழ்வது படம். கேப்சரில் விடுபட்ட ஃபிரேம்களை நிரப்பாமல் விட்டால் படம் குறுகும். 100 ஃபிரேம் போனால் 4 நொடி. கைபேசியில் 10 நிமிடப் பதிவின் சராசரி வேகம் 29.7 என்று கொள்வோம்: மொத்தம் 17,820 ஃபிரேம். அதை நொடிக்கு 30 என்று எண்ணும் மென்பொருளில் படம் 594 நொடியில் முடிந்துவிடும். ஒலி 600 நொடி ஓடும். இரு கணக்கிலும் படம் முந்துகிறது, ஒலி பிந்துகிறது. நம் புலன்கள் மன்னிக்கும் திசையும் அதுவே. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி ஏறத்தாழ 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்தினால் 125 மில்லிநொடி வரை கண்டுகொள்ள மாட்டார். தொலைவில் நடக்கும் எதிலும் ஒளி முதலில், ஒலி பிறகு என்று பழகிய புலன்கள் அல்லவா? அதனால்தான் இரு பிழைகளும் தொடங்கிய உடனே அகப்படாமல், சற்று வளர்ந்த பிறகே அகப்படுகின்றன.

இனி நோயறிதல். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் சிங்கைச் சோதிக்க வேண்டும். தவில் இதற்கு மிக ஏற்றது: கோல் தோலைத் தொடும் ஃபிரேம் தெளிவாகத் தெரியும், ஒலியலையில் அதன் முனையும் தெளிவாகத் தெரியும். மூன்று இடத்திலும் பிறழ்வு ஒரே அளவென்றால் அது தொடக்கத் தாமதம். ஒலியை ஒருமுறை நகர்த்தினால் போதும். கேசட்டுக்கும் கைபேசிக்கும் இதில் பேதமில்லை. பிறழ்வு சீராக வளர்ந்தால், இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கேப்சர் கருவி படத்தை எடுக்க, கணினியின் சவுண்ட் கார்டு ஒலியைத் தனியே எடுத்த கேசட்டுகளில் இது அதிகம். கைபேசிப் பக்கத்தில் இதற்கு இணை, 29.97ஐ 30 என்று கொள்வது: மணிக்கு 3.6 நொடி வேறுபாடு. இங்கே ஒலியின் நீளத்தை அந்த விகிதத்தில் மாற்றலாம்.

பிறழ்வு திடீர் திடீரென்று தாவினால் இரண்டும் பிரிகின்றன. கேசட்டில் தாவல்கள் நாடாவின் காயங்களோடு பொருந்தும்: கோடுகள் ஓடும் இடம், படம் கிழிந்து குலுங்கும் இடம், காட்சியை நிறுத்தி மீண்டும் பதிந்த இடம். கைபேசியில் அவை வெளிச்சத்தோடு பொருந்தும். முற்றத்தில் அசையாமல் நின்ற பிறழ்வு உள்ளறைக்குள் நுழைந்ததும் வளரத் தொடங்கும். முன்னதில் காயம்பட்ட இடங்களில் வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பொருத்த வேண்டும். பின்னதில் அப்படிச் செய்வது வீண் உழைப்பு. கோப்பை ஒருமுறை சீரான வேகத்துக்கு மாற்றினால் எல்லாத் தாவல்களும் ஒன்றாகத் தீரும்.

இன்னோர் உறவையும் சொல்ல வேண்டும். ஒரு ஃபிரேம் என்றால் ஒரு கணம் என்று நினைக்கிறோம். விஎச்எஸ் ஃபிரேமில் இரண்டு கணங்கள் உண்டு: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் 20 மில்லிநொடி தள்ளிய கணத்தையும் தாங்குகின்றன. அசையும் கையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிவது அதனால்தான். கைபேசி ஃபிரேமில் கணங்கள் இன்னும் அதிகம்: சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுவதால், காரில் போகையில் விளக்குக் கம்பங்கள் சாய்கின்றன. முன்னதை வரிகளைப் பிரித்து நொடிக்கு 50 ஃபிரேமாக விரித்தால் அசைவு முழுதும் மீளும். பின்னதில் சாய்வை நிமிர்த்தலாம். ஆனால் அது ஊகம். இந்த ஓரிடத்தில் பழைய நாடா புதிய சென்சாரைவிடக் கூடுதலான உண்மையைத் திருப்பித் தருகிறது.

வடிவச் சிக்கல்களிலும் இணை இருக்கிறது. கேப்சர் செய்த பால் படம் 720க்கு 576 புள்ளிகள். அதை 4:3 ஆக விரிப்பதா 16:9 ஆக விரிப்பதா என்பது படத்தில் இல்லை, ஒரு குறிப்பில் இருக்கிறது. குறிப்பைப் படிக்காத மென்பொருளில் முகங்கள் ஒடுங்கும் அல்லது அகலும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கைபேசிப் படமும் பெரும்பாலும் படுக்கைவாக்கிலேயே பதிவாகி, சுழற்று என்ற குறிப்போடு வருகிறது. அதைப் படிக்காவிட்டால் மணமக்கள் பக்கவாட்டில் படுத்திருப்பார்கள். இரண்டிலும் படத்தில் குறையில்லை. குறிப்பை மென்பொருளில் கையால் அமைத்தால் தீரும்.

கணினி திணறுவதில் மட்டும் இரண்டும் எதிரெதிர். நாடாவை அழுத்தாமல் கேப்சர் செய்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. அதை வைக்க இடம் போதாமல் வட்டு திணறும். 4கே கைபேசிப் படத்தில் புள்ளிகள் 20 மடங்கு. ஆயினும் எச்இவிசி என்னும் சுருக்க முறை அதை மிகச் சிறிய கோப்பாகச் சுருக்கிவிடுவதால், விரித்துக் காட்டச் செயலி திணறும். வேடிக்கை என்னவென்றால், கைபேசிக் கோப்பைப் புரோரெஸ் போன்ற எடிட்டிங் கோடெக்குக்கு மாற்றியதும் அதுவும் நாடாக் கோப்பு போல வட்டை நிரப்பும் சுமையாகிவிடுகிறது.

இரண்டையும் ஒரே டைம்லைனில் வைக்கும்போது, நொடிக்கு 50 என்ற வேகத்தையே நான் தேர்வேன். நாடாவின் அசைவு முழுதும் அதில் அடங்கும். கைபேசியின் 30 அதில் சீராகப் பொருந்தாது, ஆனால் 25இல் ஃபிரேம்களை இழப்பதைவிட இது மேல். இனி எடுக்கப்போகும் கைபேசிப் பதிவுகளையாவது, வசதி இருந்தால், 25 அல்லது 50இல் எடுக்கச் சொல்வது நல்லது. நம் ஊரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்குகளின் மினுமினுப்பும் அதனால் குறையும்.

கடைசியாக, மறுவாய்ப்பு. கைபேசிக் கோப்பை எத்தனை முறை திறந்தாலும் அதே ஃபிரேம்கள், அதே முத்திரைகள். மாற்றம் பிழைத்தாலும் மூலம் கெடுவதில்லை. மூலக் கோப்பை வாட்ஸாப் வழியே வாங்காமல் நேரடியாகப் பெற்றுக்கொண்டால் போதும். கேசட் ஒவ்வோர் ஓட்டத்திலும் சற்றே வேறாக ஓடுகிறது. விசிஆர் தயாரிப்பை ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டதால், அதை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. ஆனால் அந்த வேறுபாடே உதவவும் செய்கிறது: முதல் ஓட்டத்தில் விடுபட்ட ஃபிரேம் இரண்டாவதில் முழுதாக வந்துவிடலாம். விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள் கேப்சரின்போதே விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் காட்டும். அந்த எண் ஏறும் இடங்களைக் குறித்துவைத்து, தலையைத் துடைத்து, அந்தப் பகுதிகளை மட்டும் மறுபடி ஓட்டி எடுத்து, இரு ஓட்டங்களின் நல்ல துண்டுகளை இணைக்கலாம்.