மரியா லாஸ்னிக்

மரியா லாஸ்னிக் (8 செப்டம்பர் 1919 – 6 மே 2014) ஆஸ்திரிய ஓவியர், அனிமேஷன் கலைஞர், பரிசோதனைத் திரைப்பட இயக்குநர். உடலைக் கண்ணாடியில் பார்த்து வரைவதை விட்டு, உள்ளிருந்து உணர்ந்ததை உணர்ந்தபடியே வரையும் முறையை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைக்கொண்டவர். 1970களில் நியூயார்க்கில் அவர் எடுத்த குறும்படங்கள் பெண்ணிய அனிமேஷனின் முன்னோடிப் படைப்புகளாகக் கருதப்படுகின்றன. 1980இல் வியன்னாவில் பொறுப்பேற்றபோது, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஓவியப் பேராசிரியரான முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றார். ஆஸ்திரியாவில் அனிமேஷனுக்கென முதல் பயிற்சிக்கூடத்தை நிறுவியவரும் அவரே.

இளமையும் கல்வியும்

ஆஸ்திரியாவின் தென்பகுதியில் உள்ள கரிந்தியா மாநிலத்தில், காப்பெல் அம் கிராப்ஃபெல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய்க்கு அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை. ஆறு வயதுவரை பாட்டி வீட்டில் வளர்ந்தார். தாய் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரை மணந்துகொண்டு கிளாகன்ஃபுர்ட் நகரில் குடியேறியபின் மகளை அழைத்துக்கொண்டார். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தார். ஆசிரியப் பயிற்சி முடித்து மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் சில காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1941இல் வியன்னா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஆஸ்திரியா நாஜி ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. நவீன ஓவியம் முழுவதையும் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி ஒதுக்கியிருந்தார்கள். லாஸ்னிக்கின் நிறங்களும் அந்த முத்திரைக்குத் தப்பவில்லை. வில்ஹெல்ம் டாஹவுவரின் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டு, வேறு ஆசிரியரிடம் பயின்று 1945இல் பட்டம் பெற்றார்.

உடலுணர்வு ஓவியம்

போருக்குப்பின் கிளாகன்ஃபுர்ட் திரும்பிய லாஸ்னிக், தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஓவியர் ஆர்னுல்ஃப் ரைனரைச் சந்தித்தார். இருவரும் 1951இல் பாரிஸ் சென்று சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்திரே பிரெத்தோனையும் கவிஞர் பவுல் செலானையும் கண்டார்கள். அமெரிக்க, பிரெஞ்சு அரூப ஓவியப் போக்குகளை ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவந்த முதல் சிலரில் இவர்களும் அடங்குவர்.

லாஸ்னிக் தனக்கென ஒரு வழி கண்டது 1940களின் இறுதியில். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதை உணர்கிறோம்? இருக்கை அழுத்தும் இடத்தையும், தோளின் இறுக்கத்தையும், வயிற்றின் பாரத்தையும் உணர்கிறோம். தலைமுடியையோ முதுகின் நடுப்பகுதியையோ பெரும்பாலும் உணர்வதில்லை. உணர்வதை மட்டும் வரைவது, உணராததை விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். அதனால்தான் அவர் வரைந்த தலைகள் பலவற்றில் முடி இல்லை. சில உருவங்களுக்குக் கை இல்லை, சிலவற்றுக்கு மண்டையின் மேற்பாதியே இல்லை. நிறங்களையும் பார்வையை வைத்துத் தேர்வதில்லை. வலிக்கு ஒரு நிறம், அழுத்தத்துக்கு ஒரு நிறம், சிந்தனைக்கு ஒரு நிறம் என்று உணர்ச்சிகளின் பெயரிலேயே நிறங்களைக் குறிப்பிட்டார். துணியைத் தரையில் விரித்து, அதன்மேலேயே படுத்தும் சாய்ந்தும் தீட்டுவது அவருடைய வழக்கம்.

1950களின் வியன்னாவில் இளம் ஓவியர் வட்டம் என்றால் ஆண்கள் வட்டம்தான். அவர்களோடு சேர்ந்து காட்சிக்கு வைத்தாலும் பேச்சில் அவர் பெயர் பின்னால் தள்ளப்பட்டது. 1960இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்து எட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1964இல் தாய் இறந்ததும் அந்தத் துயரைப் பல ஓவியங்களில் தீட்டினார்.

நியூயார்க்கில் அனிமேஷன்

1968இல், 49 வயதை நெருங்கும்போது, லாஸ்னிக் நியூயார்க் சென்றார். பெண் கலைஞர்களுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்று நம்பினார். ஆனால் அவருடைய உடலுணர்வு ஓவியங்கள் அங்குள்ளவர்களுக்கு விசித்திரமாகவும் கொடூரமாகவும் பட்டன. ஓவியம் விலைபோகாத அந்தச் சூழலில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்து தொழில்நுட்பம் கற்றார். தன் குடியிருப்பிலேயே கேமராவைப் பொருத்திக்கொண்டு, 8 மி.மீ., 16 மி.மீ. பிலிமில் தனியாளாகப் படம் எடுத்தார். வரைவது, ஒளிப்பதிவு, வசனம், குரல் என்று பெரும்பாலான வேலை அவருடையதே.

பிலிமில் ஒரு விநாடி ஓட 24 சட்டகங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 படங்கள் தேவை. பெரிய ஸ்டுடியோக்கள் இந்த வேலையை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். லாஸ்னிக்கிடம் அந்த வசதி இல்லை. ஸ்கெட்ச் பேனாக் கோடுகள், வெட்டிய காகித உருவங்கள், அச்சுத்தாளை வைத்து நிறத்தைத் தெளிக்கும் முறை ஆகியவற்றையே பயன்படுத்தினார். கோடு நடுங்கும், நிறம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறும். அதை மறைக்க அவர் முயலவே இல்லை. டிஸ்னி படங்களின் வழவழப்புக்கு நேர் எதிரான இந்தக் கரடுமுரடே அவருடைய பாணியாயிற்று.

முக்கியத் திரைப்படங்கள்

‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ (1971) அவருடைய மிகப் புகழ்பெற்ற படம். ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடும். திரை முழுக்க ஒரே முகம், அவருடைய முகம், நேராகப் பார்க்கிறது. அந்த முகம் நிலைகொள்வதில்லை. கேமராவாகிறது, இயந்திரமாகிறது, மூடிக்கொள்கிறது, மறுபடியும் முகமாகிறது. ஜெர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தில் அவருடைய குரல் காதலையும் ஆண்களையும் தாயையும் பற்றிப் பேசுகிறது, இடையிடையே பாடுகிறது. சொல்வது வேதனைக் கதை. முகம் ஆடும் ஆட்டமோ சிரிக்க வைக்கிறது. ஓவியத்தில் ஒரு கணத்து உணர்வை மட்டுமே பிடிக்க முடிந்தவருக்கு, ஓர் உணர்வு இன்னொன்றாக உருமாறும் வழியைக் காட்ட அனிமேஷன் இடம் கொடுத்தது. நியூயார்க் மாநிலக் கலை மன்றத்தின் பரிசு 1972இல் இப்படத்துக்குக் கிடைத்தது.

1971இல் வந்த ‘சேர்ஸ்’ படத்தில் நாற்காலிகள் மனித உடம்பாக நெளிகின்றன. ‘ஐரிஸ்’ (1971) வரைந்த படமல்ல, நேரடியாகப் படம்பிடித்தது. நிர்வாணப் பெண்ணுடல் கண்ணாடிப் பிரதிபலிப்புகளில் உருக்குலைந்து, பார்ப்பவரின் ஆசைக்குப் பிடிகொடுக்காத நிலப்பரப்பாக மாறுகிறது. ‘ஷேப்ஸ்’ (1972) மனித உருவ நிழல்களின் நடனம். ‘கப்பிள்ஸ்’ (1972) ஆண்–பெண் உறவில் பேச்சு எப்படிப் பேரமாகவும் பொய்யாகவும் போகிறது என்பதைக் கேலி செய்கிறது.

‘பாமிஸ்ட்ரி’ (1973) கைரேகை பார்ப்பதைச் சரடாகக் கொண்டு பெண் வாழ்க்கையின் சில தருணங்களைத் தொடுக்கிறது. அதில் ஒரு குண்டுப் பெண், ஆண்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக உடம்பை இளைக்க மறுத்துச் சந்தோஷமாகச் சாப்பிடுகிறாள். உடல் பருமன், முதல் பாலுறவு, வயது முதலியவற்றைப் பெண்ணின் வாயால், வெட்கமோ பிரசங்கமோ இல்லாமல் பேசிய அனிமேஷன் படம் அன்று அரிது. ‘பரோக் ஸ்டாச்சூஸ்’ (1970–74) ஆஸ்திரியத் தேவாலயச் சிலைகளில் தொடங்கி, உயிருள்ள பெண்ணின் நடனத்துக்குத் தாவுகிறது. ‘ஆர்ட் எஜுகேஷன்’ (1976) வெர்மீர், மைக்கேலாஞ்சலோ போன்ற மேதைகளின் ஓவியங்களைப் பெண்ணியப் பார்வையில் கிண்டலாக மறுவாசிப்புச் செய்கிறது. நூற்றாண்டுகளாக வாய்மூடி நின்ற உருவங்கள் இதில் வாய்திறந்து பேசுகின்றன.

1970களில் அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட படங்களும் பல. பெட்டிகளில் கிடந்த அந்தச் சுருள்களை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளின் துணையோடு, மாணவர்களான மாரா மட்டுஷ்காவும் ஹான்ஸ் வெர்னர் போஷௌகோவும் பின்னாளில் முடித்துக் கொடுத்தனர். நியூயார்க் தெருக்களும் நண்பர்களும் இடம்பெறும் இப்படங்கள், லாஸ்னிக் வீட்டுக்குள் அடைந்து தன்னை மட்டுமே வரைந்தவர் என்ற எண்ணத்தை மாற்றின.

பெண்ணியமும் தயக்கமும்

1974இல் நியூயார்க்கில் ‘விமன்/ஆர்ட்டிஸ்ட்/ஃபில்ம்மேக்கர்ஸ்’ என்ற கூட்டமைப்பு உருவானது. கரோலி ஷ்னீமன், மார்த்தா ஏடல்ஹைட், ரோசலிண்ட் ஷ்னைடர், சில்வியானா கோல்ட்ஸ்மித் முதலியோருடன் லாஸ்னிக்கும் அதில் உறுப்பினர். இவர்களில் பலர் ஓவியம், சிற்பம் ஆகிய துறைகளிலிருந்து திரைப்படத்துக்கு வந்தவர்கள். விநியோகஸ்தர்களும் அரங்குகளும் கதவடைத்த நிலையில், தாங்களே திரையிடல்களை ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

இருந்தும், ‘பெண் கலைஞர்’ என்ற தனிப்பெட்டிக்குள் தன்னை வைப்பதை லாஸ்னிக் விரும்பவில்லை. ஆண் ஓவியர்களோடு சமமாக நிறுத்தி மதிப்பிட வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. படங்களில் அவருடைய பெண்ணியம் முழக்கமாக வருவதில்லை. பார்க்கப்படும் பொருளாகவே கலையில் இடம்பெற்ற பெண்ணுடல், அவரிடம் உணர்வதும் பேசுவதும் சிரிப்பதுமாக இருக்கிறது. அவருடைய அரசியலும் அங்கேயே இருக்கிறது.

வியன்னாவில் பேராசிரியர்

1978இல் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையில் பெர்லினில் தங்கினார். 1980இல் இரண்டு திருப்பங்கள் ஒன்றாக வந்தன. வெனிஸ் கலைக்காட்சியில் ஆஸ்திரிய அரங்கை அவரும் கலைஞர் வாலி எக்ஸ்போர்ட்டும் பகிர்ந்துகொண்டார்கள். அமைச்சர் ஹெர்த்தா ஃபிர்ன்பெர்க்கின் முயற்சியால் வியன்னா பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் பேராசிரியர் பதவியும் வந்தது. அப்போது அவருக்கு 61 வயது.

1982இல் தன் வகுப்போடு சேர்த்துப் பரிசோதனை அனிமேஷன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதன் அன்றாடப் பொறுப்பைத் திரைப்படக் கலைஞர் ஹூபர்ட் சீலெக்கி ஏற்றார். ஓவியம் கற்க வந்தவர்களின் கையில் கேமராவைக் கொடுத்தது இந்தக் கூடம். மாரா மட்டுஷ்கா, சபீனே குரோஷுப் முதலிய இயக்குநர்கள் இங்கிருந்து வந்தவர்கள். ஆஸ்திரிய அனிமேஷனில் விளம்பர மெருகைவிடக் கலைஞரின் தனிக் கையெழுத்து ஓங்கி நிற்பதற்கு இந்தக் கூடம் ஒரு முக்கியக் காரணம். லாஸ்னிக் 1989இல் ஓய்வு பெற்றார்.

‘மரியா லாஸ்னிக் கன்டாட்டே’

ஓய்வுக்குப்பின் சீலெக்கியுடன் இணைந்து 1992இல் எடுத்த எட்டு நிமிடப் படம் இது. சந்தைகளில் படம் காட்டிக் கதைப்பாட்டுப் பாடும் பழைய ஐரோப்பிய வழக்கத்தில், தன் வாழ்க்கையைத் தானே எழுதிய பாட்டாக லாஸ்னிக் பாடுகிறார். பின்னணியில் அவர் வரைந்த அனிமேஷன் ஓடுகிறது. முன்னால், எழுபது கடந்த மூதாட்டி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேடம் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிறப்பு, கன்னியர் பள்ளி, பெற்றோர் சண்டை, காதல் தோல்விகள், பாரிஸ், நியூயார்க், பேராசிரியர் நாற்காலி, முதுமை என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. குரல் பயிற்சி பெற்றதல்ல, தாளமும் அங்கங்கே தட்டுகிறது. தன்மேல் இரக்கம் கேட்காமல் தன்னையே கேலி செய்துகொள்ளும் அந்தத் துணிவால் இது அவருடைய படங்களில் எல்லாரும் ரசிக்கும் படமாயிற்று.

பிற்காலமும் விருதுகளும்

1985 முதல் கரிந்தியாவின் மெட்னிட்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தைக் கோடைக்காலப் பணியிடமாக வைத்துக்கொண்டார். முதுமையில் ஓவியங்கள் இன்னும் கூர்மையாயின. ‘நீயா நானா’ என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் தீட்டிய தன்னுருவ ஓவியத்தில், ஆடையற்ற முதிய பெண்ணாக நிற்கிறார். ஒரு கைத்துப்பாக்கி அவருடைய நெற்றிப்பொட்டில், மற்றொன்று பார்ப்பவரை நோக்கி.

ஆஸ்திரிய அரசின் உயரிய கலைப் பரிசை 1988இல் பெற்றார். ஜெர்மனியின் டாகுமென்டா கண்காட்சியில் 1982, 1997 ஆகிய இருமுறை பங்கேற்றார். 2013இல் இத்தாலியக் கலைஞர் மரிசா மெர்ட்ஸுடன், வாழ்நாள் சாதனைக்கான வெனிஸ் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. 2014 மார்ச்சில் நியூயார்க் மோமா பி.எஸ்.1 அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களோடு படங்களையும் சேர்த்துப் பெருங்கண்காட்சி நடத்தியது. அவரை ஒரு காலத்தில் ஒதுக்கிய அதே நகரம். அக்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, மே 6 அன்று, வியன்னாவில் 94 வயதில் காலமானார்.

மதிப்பீடு

லாஸ்னிக்கின் பெயர் நெடுங்காலம் ஓவிய வரலாற்றில் மட்டுமே பேசப்பட்டது. நியூயார்க் படங்களை அவருடைய ஓவியத்துக்கு இடையே வந்த ஒரு கிளைவழி என்றே விமர்சகர்கள் எழுதினர். ஆஸ்திரியத் திரைப்பட அருங்காட்சியகம் படங்களை மீட்டெடுத்து, 2021இல் அவருடைய திரைப்படைப்புகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டபின் அந்தக் கருத்து நிற்கவில்லை. ஓவியத்தில் தனிமையும் வலியும் மேலோங்கும். கதையும் நையாண்டியும் பாட்டும் படங்களில்தான் வெளிப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் லாஸ்னிக்கை முழுமையாக அறிய முடியாது.

அவருடைய வாழ்க்கையைத் தழுவி ஆன்யா சாலமோனோவிட்ஸ் இயக்கிய திரைப்படம் 2024 பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நடுவயதில் இருக்கும், தகுதிக்கேற்ற கவனம் பெறாத கலைஞர்களுக்கென அவர் பெயரில் ஒரு பரிசு 2017 முதல் வழங்கப்படுகிறது. அப்பரிசை முதலில் பெற்றவர் கேத்தி வில்க்ஸ்.