அந்தமான் நிக்கோபார் பெண்கள் வாழ்க்கை நூல்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்த பெண்களைக் குடும்பம், சமயம், சட்டம் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிவு செய்த நூல்களைப் பற்றியது இக்கட்டுரை. அதிகாரிகளின் வரலாறுகள், கைதிகளின் தன்வரலாறுகள், சமயத் தொண்டர்களின் நாட்குறிப்புகள், பல்கலைக்கழக ஆய்வுகள், நாவல்கள் என இவை பல வகைப்படும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக எழுதப்பட்டுவரும் இவற்றில் பெண் தன் கையால் எழுதியவை மிகக் குறைவு. கணவனின் வாக்குமூலம், சிறை விதி, பாதிரியாரின் குறிப்பு என்று பிறர் எழுதியவற்றுக்குள்தான் தீவுப் பெண் முதலில் நுழைந்தாள். அங்கிருந்து அவளை மீட்டெடுத்த கதையே இந்நூல்களின் வரலாறு.

கணவன் சொன்ன கதைகள்

1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கியதும் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. அடுத்த சில வாரங்களில் தப்பியோடிய கைதிகளுள் தூத்நாத் திவாரி ஒருவர். காட்டுக்குள் அம்புக் காயத்துடன் பிடிபட்ட அவரை அந்தமானியர் தங்களோடு வைத்துக்கொண்டனர். லீபா என்ற பெண்ணை அவருக்கு மணமுடித்தும் வைத்தனர். ஓராண்டுக்குப் பிறகு, குடியேற்றத்தைத் தாக்க அந்தமானியர் திரண்டு வருவதை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார் திவாரி. 1859 மே மாதம் நடந்த அபர்டீன் போரில் அந்தமானியர் தோற்றார்கள். திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. கருவுற்றிருந்த லீபா காட்டிலேயே விடப்பட்டாள். தீவு அதிகாரி எம்.வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட இரு தொகுதி வரலாற்றில் திவாரியின் வாக்குமூலம் இடம்பெற்றிருக்கிறது. குடியேற்றக் கால எழுத்தில் பெயரோடு வரும் முதல் தீவுப் பெண்களுள் ஒருத்தி, தன்னைக் கைவிட்டவனின் வாய்மொழியால்தான் நமக்குத் தெரியவருகிறாள்.

முகம்மது ஜாபர் தானேசரியின் உருதுத் தன்வரலாறான ‘காலா பானி’ இன்னும் விரிவானது. ஆங்கில அரசை எதிர்த்த வஹாபி இயக்கத்தாரின் வழக்கில் தண்டிக்கப்பட்டு 1866இல் வந்து 1883இல் விடுதலையான அவர், சொந்த ஊரில் மனைவி மக்கள் இருந்தும், தீவில் மணம் செய்துகொண்டார். முதலில் மணந்த காஷ்மீரப் பெண் இறந்துபோக, பின்னர் அல்மோராவைச் சேர்ந்த பிராமணக் கைதிப் பெண்ணை இஸ்லாத்துக்கு மாற்றி மணந்தார். அவளோடும் பிள்ளைகளோடும்தான் பஞ்சாப் திரும்பினார். அவர் தீவில் மணந்த இரு பெண்களுமே கைதிகள். அவர்களின் பிறப்பும் வழக்கும் குணமும் கணவனின் பார்வையில் சொல்லப்படுகின்றன. ஆனாலும் தண்டனை பெற்ற பெண்ணைக் குற்றத்தின் பெயரால் மட்டும் பார்க்காமல் குடும்பத்து மனுஷியாகக் காட்டிய ஆரம்ப நூல் இது. அந்தப் பெருமை அதற்கு உண்டு.

சாத்திரமும் தண்டனைச் சட்டமும்

கப்பலேறிய பெண்களில் பலர் கொலைக் குற்றத்துக்காகத் தீவாந்தரத் தண்டனை பெற்றவர்கள். சிசுக்கொலையும் கணவன் கொலையும் அக்குற்றங்களில் முக்கியமானவை. குழந்தைப் பருவத்தில் மணமாகி இளமையிலேயே விதவையானவள் கருவுற்றால் அவளுக்கு ஊரில் இடமில்லை. 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லும் என்றது. உயர்சாதிக் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமோ பிறந்த சிசுவைக் கொன்ற தாயையும் கொலையாளி என்றே கண்டது. சாத்திரம் அவளை ஒரு மூலைக்குத் தள்ளியது. சட்டம் அதே மூலையில் வைத்துப் பிடித்தது. மரண தண்டனை பெரும்பாலும் தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டு, அவள் கடல் கடந்தாள். கடற்பயணத்தையே சாதியிலிருந்து வீழ்த்தும் செயல்களில் முதலாவதாக வைக்கிறது போதாயன தருமசூத்திரம். ஆகவே தண்டனை முடிந்து திரும்பினாலும் அவளுக்கு வீடில்லை.

இந்த முடிச்சை நேருக்கு நேர் எதிர்த்து எழுந்த நூல் தீவில் அல்ல, மகாராஷ்டிரத்தில் எழுதப்பட்டது. 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பிராமண விதவைக்குச் சிசுக்கொலை வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அது ஆயுள்காலத் தீவாந்தரமாகவும் பின்னர் ஐந்தாண்டாகவும் குறைந்தது. அவளைப் பழித்துப் பத்திரிகைகள் எழுதியதைக் கண்டு கொதித்த தாராபாய் ஷிண்டே 1882இல் புனேயில் ‘ஸ்திரீ புருஷ துலனா’ என்ற மராத்தி நூலை வெளியிட்டார். பெண்ணுக்கென்று சாத்திரங்கள் விதித்த கடமைகளை எடுத்துவைத்து, அதே அளவுகோலை ஆணுக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னார். விதவையைக் கெடுத்தவன் எங்கே என்ற அவருடைய கேள்வி, அந்தமானுக்கு வந்த ஒவ்வொரு விதவையின் வழக்குக் கட்டுக்கும் பொருந்தும். தீவைப் பற்றி ஒரு பக்கமும் எழுதாத அந்நூலையே தீவுப் பெண்களின் நூல்வரிசையில் முதன்மையாக வைக்க வேண்டும்.

சிறை விதிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த விதிகளின்படி, வந்துசேர்ந்த பெண் பெண்கள் சிறையில் இருந்தாக வேண்டும். ஐந்தாண்டு கழித்து அவள் மணம் செய்துகொள்ளலாம், அல்லது வீட்டு வேலைக்குப் போகலாம். மணமானவள் பதினைந்தாண்டுக்குப் பிறகு கணவனோடு தீவைவிட்டுப் போகலாம். ஆனால் ஒருவர் காலம் முடிந்தாலும் மற்றவர் காலம் முடியும்வரை காத்திருந்து இருவரும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். மணமாகாதவளுக்கு இருபதாண்டு. நன்னடத்தை காட்டி ‘டிக்கெட்’ பெற்ற ஆண் கைதி பெண்கள் சிறைக்கு வந்து, வரிசையில் நிற்கும் பெண்களிடையே மனைவியைத் தேடலாம். பெண்ணின் சம்மதமும் அதிகாரியின் அனுமதியும் தேவை. மதம் ஒன்றாக இருக்க வேண்டும். சாதி பார்ப்பது நடைமுறையில் தளர்ந்துபோனது. பெண்கள் குறைவாகவும் ஆண்கள் பல மடங்காகவும் இருந்த ஊரில், கைதிகளை நிலத்தோடு கட்டிவைக்கும் கருவியாகத் திருமணத்தை அரசு கண்டது. சிறையில் பத்தாண்டு இருபதாண்டு அடைபடுவதைவிட எவனோ ஒருவனோடு வாழ்வது மேல் என்று ஒரு பெண் தேர்ந்தால், அதை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இத்திருமணங்களில் பிறந்தவர்களே ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் சமூகம். பல மாகாணத்தாரும் பல சாதியாரும் கலந்து, இந்துஸ்தானி பேசி, ஊர் வேறுபாடுகளை விட்டு வளர்ந்த சமூகம் அது. பாட்டி எந்த வழக்கில் வந்தாள் என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. பின்னாளில் ஒரு மாற்றம் நேர்ந்தது: 1942இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றுவதற்கு முன்பே குடியேறியிருந்தவர்களின் வழிவந்தவர்கள், ‘ப்ரீ 42’ என்ற பெயரில், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றனர். மறைத்துவைத்த வம்சாவளியைச் சான்றோடு காட்ட வேண்டிய தேவை வந்தது.

செல்லுலார் சிறையைப் பற்றிய நினைவுக் குறிப்புகள், பரீந்திர கோஷ் தொடங்கி சாவர்க்கர் வரை, ஆண் அரசியல் கைதிகளின் எழுத்துகள். அச்சிறையைப் பற்றித் தமிழர் அறிந்த ‘சிறைச்சாலை’ படத்திலும் பெண் ஊரில் காத்திருப்பவளாகவே வருகிறாள்.

நிக்கோபார்

நிக்கோபாரின் ஏடுகள் வேறு வழியில் வந்தவை. தமிழ்க் கிறிஸ்தவரான வேதப்பன் சாலமன் 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அரசுப் பிரதிநிதியாகவும் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். பிறப்பு, மணம், சாவு, பேய்ச் சடங்கு என்று கிராமத்தின் அன்றாடத்தை நாட்குறிப்பில் எழுதிவந்தார். அதன் பகுதிகள் 1902இல் லண்டன் மானிடவியல் ஆய்விதழில் வெளிவந்தன. நிக்கோபார்க் குடும்ப வாழ்வுக்கு இதைப்போல் அருகில் நின்று எழுதிய பழைய ஆவணம் வேறு எளிதில் கிடைக்காது. அதை எழுதியவர் தமிழர் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். பாதிரியார் ஜார்ஜ் வொயிட்ஹெட் 1924இல் வெளியிட்ட நூலும் இதே வழியில் வந்தது. சாலமனின் மாணவர் ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் ஆயரானார். விவிலியத்தைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். திருமணமும் குடும்ப ஒழுக்கமும் சபை வழிக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

ஆனால் சொத்து சபை வழிக்குப் போகவில்லை. நிலமும் தென்னையும் ‘துஹேத்’ எனும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். மணமானபின் எந்த வீட்டில் ஆள் தேவையோ அங்கே போய் வாழ்வது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. நிக்கோபார்ப் பெண்ணின் உரிமை எழுதப்படாத மரபில் நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணம் தனித்தனிக் குடும்பத் தலைவர்களின் பெயரில் வங்கிக்கு வந்தபோது துஹேத் ஆட்டம் கண்டது. சிம்ரன் ஜித் சிங்கின் ஆய்வு நூல்கள் சுனாமிக்கு முன்னும் பின்னுமான நிக்கோபார் வாழ்வைச் சொல்கின்றன.

புதிய வாசிப்பு

2000இல் வெளிவந்த சதத்ரு சென்னின் ‘டிசிப்ளினிங் பனிஷ்மென்ட்’ ஆய்வு நூல் ஒரு திருப்பம். பெண் கைதியையும் கைதித் திருமணத்தையும் தண்டனை முறையின் நடுவில் வைத்து அவர் படித்தார். கிளேர் ஆண்டர்சனின் ‘சபால்டர்ன் லைவ்ஸ்’ (2012), சிதறிக் கிடக்கும் ஆவணத் துண்டுகளிலிருந்து தனி மனிதரின் வாழ்வைக் கட்டியெழுப்பும் முறையைக் காட்டியது. அபர்ணா வைதிக்கின் ‘இம்பீரியல் அந்தமான்ஸ்’ 2010இல் வந்தது. பிரிவினைக்குப்பின் வங்க அகதிகள் அந்தமானில் குடியேற்றப்பட்டதையும், ஆண் துணையற்ற அகதிப் பெண்களை அரசு எப்படிக் கையாண்டது என்பதையும் உதிதி சென் ‘சிட்டிசன் ரெஃப்யூஜி’ (2018) நூலில் எழுதினார். உஸ்மா அஸ்லம் கானின் ‘தி மிராக்குலஸ் ட்ரூ ஹிஸ்டரி ஆஃப் நோமி அலி’ (2019) நாவல், ஜப்பானியர் காலத்தை ஒட்டிய தீவையும் எண்ணால் அழைக்கப்படும் ஒரு பெண் கைதியையும் காட்டுகிறது. ஆவணம் மௌனம் காக்கும் இடத்தில் புனைவு பேசுவது நியாயமே.

பெண்ணின் குரல் நேரடியாக வருவது மொழியியலாளர் அன்விதா அப்பியின் பணியில். கிரேட் அந்தமானியரின் கதைகளையும் பாடல்களையும் அவர் ‘வாய்சஸ் ஃப்ரம் தி லாஸ்ட் ஹொரைசன்’ (2021) நூலில் தொகுத்தார். அவருக்குப் பாடிக் காட்டியவர்களில் ஒருவர் போவா சீனியர். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான அவர் 2010 ஜனவரியில் இறந்தார்.

சென்னையிலிருந்து கைதிகளாய்ப் போனவர்கள், வேலைக்கும் வணிகத்துக்கும் போனவர்கள், இலங்கையிலிருந்து திரும்பிக் கட்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள் என்று தீவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அவ்வீட்டுப் பெரியவர்களிடம் பாட்டியின் கதையும் பழைய டிக்கெட்டும் பட்டாவும் இருக்கலாம். பிள்ளைகளும் பேரர்களும் அவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். எழுதியதன் ஒரு படியைப் போர்ட் பிளேரிலோ சென்னையிலோ ஒரு நூலகத்துக்குத் தர வேண்டும்.