மூர் அம்மையார் வேண்டாம் என்ற புத்தகம்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன நாவல் வாங்கலாம் என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் என்றால் நான் முதலில் சொல்வது ஈ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. அதைச் சொல்லும்போதெல்லாம் ஆன் கரோல் மூர் என்ற அமெரிக்க நூலகர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். பிள்ளைகளுக்குப் புத்தகம் சிபாரிசு செய்வதைத் தனி வேலையாகவே ஆக்கியவர்களில் முக்கியமானவர் அவர்.

மூர் 1871இல் பிறந்தவர். அவர் வேலைக்கு வந்த காலத்தில் அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் சின்னப் பிள்ளைகளை உள்ளேயே விடமாட்டார்கள். 1906இல் நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பேற்ற மூர், பிள்ளைகளின் உயரத்துக்கு அலமாரியும் நாற்காலியும் போட வைத்தார். ஒரு பெரிய நோட்டில் தன் பெயரைத் தானே எழுதி, புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிள்ளைக்குப் புத்தகம் வீட்டுக்கே போயிற்று. பிள்ளைகளை நம்பிய மனுஷி.

அவர் தயாரித்த பட்டியல்களைப் பார்த்துத்தான் மற்ற ஊர் நூலகங்களும் புத்தகம் வாங்கின. பதிப்பாளர்கள் அச்சுக்கு முன்பே அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். 'நிபுணர் பரிந்துரைக்கவில்லை' என்ற பொருளில் அவரிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பே இருந்ததாகச் சொல்வார்கள். 1922இல் நியூபெரி பதக்கம் வந்ததும், ஆண்டின் சிறந்த சிறுவர் நூல் எது என்று முடிவு செய்கிற வேலையும் நூலகர்கள் கைக்கே போனது.

குழந்தைகளுக்கும் எழுதுங்கள் என்று ஒயிட்டை ஊக்கப்படுத்திக் கடிதம் எழுதியவர்களில் மூரும் ஒருவர். 1945இல் 'ஸ்டூவர்ட் லிட்டில்' தயாரானது. நியூயார்க்கில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் எலி மாதிரி ஒரு பிள்ளை பிறக்கிற கதை. ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தும், வெளிவருமுன்பே அதைப் படித்த மூர் பதறிவிட்டார். முடிவே இல்லாத கதை, குழந்தைகளுக்கு ஆகாது என்பது அவர் தீர்ப்பு. வெளியிட வேண்டாம் என்று பதிப்பாசிரியரிடம் சொன்னார். ஒயிட்டின் மனைவி காதரினுக்கும் நீண்ட கடிதம் எழுதினார். இத்தனைக்கும் நிக்கலஸ் என்ற சின்ன மரப் பொம்மையைப் போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோனவர் அவர். அந்தப் பொம்மையை நாயகனாக வைத்து 1924இல் புத்தகமே எழுதியிருக்கிறார். பொம்மை பேசலாம், எலிப்பிள்ளை கூடாதாம்!

ஒயிட் தம்பதியர் கேட்கவில்லை. புத்தகம் வந்தது, நன்றாக விற்றது.

அதன்பின் 1952இல் வந்தது 'சார்லட்ஸ் வெப்'. வெட்டப்படவிருந்த பன்றிக்குட்டி வில்பரை முதல் அத்தியாயத்தில் காப்பாற்றுவது ஃபெர்ன் என்ற சிறுமி. அப்புறம் அதைக் காப்பாற்றும் பொறுப்பு சார்லட் என்ற சிலந்திக்குப் போகிறது. அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் கிடைத்தது ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' நாவலுக்கு. 'சார்லட்ஸ் வெப்' கௌரவப் பட்டியலோடு நின்றது. பதக்கம் வாங்கிய கதையை யாராவது பிள்ளை கையில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

எண்பதைத் தாண்டியிருந்த மூர் இதற்கும் குறை சொன்னார். கதையின் மையமான ஃபெர்னை ஆசிரியர் வளர்க்காமல் விட்டுவிட்டார் என்பது அவர் வருத்தம். எனக்கோ இந்த நாவலில் மிகவும் பிடித்த இடமே அதுதான். தினம் தொழுவத்தில் உட்கார்ந்து மிருகங்கள் பேசுவதைக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு, கடைசியில் திருவிழாவுக்குப் போனதும் ராட்டினமும், கூட ஏறிய பையனும்தான் மனசு முழுக்க. வில்பர் பரிசு வாங்குகிற நேரத்தில்கூட அவளுக்கு ராட்டின ஞாபகம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, "ஏன் தாத்தா இவ வில்பரை விட்டுட்டுப் போறா?" என்று கேட்கும். நான் பதில் சொல்வதில்லை. எட்டாம் வகுப்பில் இன்னொரு தடவை படி என்பேன்.