2012இல் ஸர்கா வைத்தியசாலையில் நடந்தது



இந்தக் கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், கொரோனா 2019இல தானே வந்தது?" என்று கேட்டார். கோவிட் வந்தது 2019இல். ஆனால் அதே குடும்பத்து வைரஸ் ஒன்று அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே நாம் ஹஜ், உம்ரா போகும் நாட்டில் இருந்தது. மேர்ஸ் என்பார்கள். வகுப்பில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

2012 ஏப்ரலில் ஜோர்தானின் ஸர்கா நகர வைத்தியசாலையில் 11 பேருக்குக் கடும் சுவாச நோய் வந்தது. அதில் 7 பேர் தாதியர், ஒருவர் வைத்தியர். ஒரு தாதி மௌத்தானார். என்ன நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை. எடுத்த மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஜித்தாவில் 60 வயது மனிதர் ஒருவர் நிமோனியாவோடு வைத்தியசாலையில் சேர்ந்து 11 நாட்களில் மௌத்தானார். அங்கே வேலை செய்த எகிப்திய நுண்ணுயிரியல் நிபுணர் அலி முஹம்மத் ஸக்கி, தெரிந்த கிருமிகளுக்கெல்லாம் பரிசோதித்தும் பிடிபடாததால் மாதிரியை நெதர்லாந்தின் ரொட்டர்டாமுக்கு அனுப்பினார். புதிய கொரோனா வைரஸ் என்று தெரிந்ததும், செப்டெம்பரில் புரோமெட் என்ற தொற்றுநோய் அறிவித்தல் தளத்தில் எழுதிவிட்டார். லண்டனில் கட்டார் நாட்டு நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்டுதான் ஒப்பிட்டார்கள். ஒரே வைரஸ். அதன் பிறகு ஸர்காவின் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, அங்கே மௌத்தானவர்களுக்கும் அதே நோய்தான். அந்தத் தாதி எதனால் மௌத்தானார் என்பது உலகத்துக்குத் தெரிய ஏழு மாதமளவில் போயிற்று.

ஸக்கிக்கு என்ன கிடைத்தது? அனுமதியில்லாமல் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்று பிரச்சினையாகி, வேலை போய், எகிப்துக்கே திரும்பிவிட்டார். சட்டம் எப்படியோ, என் மனம் அவர் பக்கம்தான்.

சரி, நோய்க்குப் பெயர் வந்துவிட்டது, பரிசோதனையும் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்போம். 2015 மே மாதம் 68 வயதான ஒருவர் மத்திய கிழக்கிலிருந்து தென்கொரியா திரும்பினார். காய்ச்சல், இருமலோடு ஒவ்வொரு வைத்தியசாலையாக ஏறி இறங்கினார். பஹ்ரைன் போய் வந்ததாக மட்டும் சொன்னார். ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டு மேர்ஸ் பரிசோதனை கேட்டபோதும், பஹ்ரைனில் அந்த நோய் இல்லையே என்று சுகாதார அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். அவர் சவூதியும் போயிருந்தார். மே 20இல்தான் நோய் உறுதியானது. அதற்குள் வாட்டுகளில் பரவியிருந்தது. அங்கேயும் நம்மூர் போலத்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நோயாளியைப் பார்ப்பது சொந்தக்காரர்கள். கடைசிக் கணக்கு: 186 பேருக்கு நோய், 38 பேர் மரணம். அத்தனையும் ஒரு பயணியிலிருந்து.

மேர்ஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. இன்றுவரை தடுப்பூசி இல்லை. பிடிபட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மரணித்திருக்கிறார்கள். வைத்தியசாலையில் அதற்கு முதல் தடுப்பு, "அண்மையில் எங்கே போய் வந்தீர்கள்?" என்ற கேள்விதான்.

போன வருடம் எங்கள் மாமா உம்ரா முடித்து வந்து நாலாம் நாள் கடும் இருமலோடு மருந்தெடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். எங்கே போய் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. இவ்வளவும் வாசித்திருந்த நானும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. சாதாரணத் தடிமன்தான், அல்ஹம்துலில்லாஹ்.