சுருட்டுக் கொட்டில்

அம்மப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சுருட்டுச் சுற்றினவர். பொச்சுமட்டைப் புகை போட்ட புகையிலையில் நடுக்காம்பைக் கிழித்தெடுத்து, உள்ளிலை வைத்துப் பலகையில் உருட்டி, மேலிலையைப் பசை தொட்டு ஒட்டி, நுனியைத் திருகிவிடுவார். கூலி எண்ணிக்கைக்குத்தான், கை ஓயாது. சும்மா கிடக்கும் காதுக்காகக் கொட்டிலில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மப்பா சூயஸ் சண்டையை விலாவாரியாகச் சொன்னது அப்படித்தான்.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிறகு சுருட்டாகித் தெற்கே சிங்கள ஊர்களுக்கும் போனது. 1905இல் யாழ்ப்பாணம் வந்த ரயில் அதற்குத் தோள் கொடுத்தது. வெள்ளைக்காரன் 'செரூட்' என்றதும் நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லைத்தான். பீடியும் சிகரெட்டும் பரவ, உள்நாட்டுப் போரும் பாதையை அடைக்க, தொழில் நொடித்தது.