அங்கன்வாடியும் குழந்தைப் பாதுகாப்பும்: பிந்தி வந்த பயிற்சி

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ஆறு பணிகள் வகுக்கப்பட்டன: துணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, நலக்கல்வி, முன்பருவக் கல்வி. குழந்தையின் எடைக் குறைவைக் கண்டறிவது அங்கன்வாடிப் பணியாளரின் கடமையாயிற்று. அக்குழந்தை திடீரென அஞ்சி ஒடுங்குவதன் பொருளை உணர்வது அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

2007இல் நடுவண் அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. தடா அமைந்துள்ள ஆந்திரம் உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் வினவியதில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனுமொரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பெரும்பாலோர் அதனை எவரிடமும் முறையிட்டதில்லை.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது. குழந்தைகளோடு இடையறாது பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்க்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தாக வேண்டும் என்பதோ 2020ஆம் ஆண்டின் விதிகளில்தான் இடம்பெற்றது. கடமை முந்தி வந்தது. பயிற்சி எட்டாண்டு பிந்தியது.

தமிழும் தெலுங்கும் வழங்கும் தடா போன்ற எல்லை ஊர்களில் இப்பயிற்சிக்கு இன்னொரு கூறும் வேண்டும். உடலுறுப்புக்கும் வலிக்கும் குழந்தை தன் வீட்டில் பழகிய சொல் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரியாத சொல் புகாராவதில்லை.