பரணில் பழுத்த கருப்பட்டி

பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். திராட்சைச் சாறு வைனாகிற அதே நொதித்தல் பனஞ்சாற்றிலும் தானாகவே நடக்கும். பனையேறி கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்பு அந்த வழியை அடைக்கிறது. வேம்பாற்றுக் கருப்பட்டியின் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது.

விளாத்திகுளம் தாலுகாவின் கடலோர ஊர் வேம்பார். கரிசலில் பனை கண்மாய்க் கரையிலும் பொழியிலும் ஒன்றிரண்டாய்த்தான் நிற்கும். தோப்பாக நிற்பது இந்தக் கடலோர மணலில். தை பிறந்ததும் பனையேறி மரமேறத் தளைநாரும் முருக்குத்தடியும் எடுத்துக் கிளம்பிவிடுவார். கடிப்பு என்கிற கருவியால் பாளையை நசுக்கி, பதப்படுத்தி, காலையும் மாலையும் ஏறி மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை சுரப்பை நிறுத்திக்கொள்ளும். ஆனி, ஆடி வரை இதே ஓட்டம்தான்.

இறக்குவது ஆண் வேலை. அதன் பிறகு எல்லாமே பெண்கள் கையில். விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள், சித்திரை வெயிலில், அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கிறார்கள். பதநீர் பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டால் பொங்கல் அடங்கும். கூப்பனி என்கிற பாகுப் பதத்தைத் தாண்டி இறுகத் தொடங்கியதும், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டு நின்றால் இறக்கித் துழாவி, சிரட்டைகளில் ஊற்ற வேண்டியதுதான். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் காய்ந்து வற்றினால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவுக்குள் எத்தனை ஏற்றமும் எத்தனை விறகும் இருக்கின்றன என்பதை விலை பேசுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சரக்கு கரிசலுக்கு வந்த வழி தனிக் கதை. 19ஆம் நூற்றாண்டில் தெற்கத்தி நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் மாட்டுவண்டியில் ஏற்றி உள்நாட்டுக்கு வந்தார்கள். வழியில் கள்வர் பயம். அதனால் வண்டியையும் மாட்டையும் சரக்கையும் இரவில் அடைத்துக் காக்கச் சுற்றுச்சுவர் எழுப்பிப் பேட்டைகள் கட்டினார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் வணிக வளர்ச்சிக்கு அடித்தளம் இந்தப் பேட்டைகள்தான். சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமைப் பணம் கோவிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி எழுந்த பள்ளி.

கோவில்பட்டி வட்டாரத்துக்கு வந்த கருப்பட்டி கடலைமிட்டாய்ப் பாகிலும் இருந்தது, கருப்பட்டி மிட்டாயிலும் இருந்தது. கடலைமிட்டாய் பிறகு வெல்லத்துக்கு மாறி, 2020இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கருப்பட்டி மிட்டாய் மட்டும் இன்றும் பெயரைக் காப்பாற்றுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கடைக்குப் போன கருப்பட்டியைப் பற்றி அல்ல. வீட்டுப் பரணுக்கு ஏறியதைப் பற்றி.

கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் வெளியே வைத்தால் கசிந்து ஒழுகிவிடும். அதனால் கோடையிலேயே வருஷத்துக்கு ஆகும் சரக்கை வாங்கி, வெயிலில் காயவைத்து, ஓலைக்கொட்டானில் அடுக்கி, விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுவார்கள். அடுப்புப் புகை அதைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். சுக்குக் காப்பிக்குப் புதுசு. பெண் பெரியவளானால் கிண்டும் உளுந்தங்களிக்கும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் பழசு. பழசுக்கு மருந்துக் குணம் கூடும் என்பது வீட்டுப் பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை.

எட்டயபுரம் சாலையில் உள்ள ஒரு கிராமத்தில் என் பெரியம்மா வீட்டைப் பிரித்துக் கட்டியபோது பரணிலிருந்து அப்படி ஒரு கொட்டான் இறங்கியது. கேஸ் அடுப்பு வந்த பிறகு யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு வாங்கிய சரக்கு. அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. ஓரத்தில் இருந்தவை உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக் கிடந்தன. நடுவில் நாலைந்து மட்டும் சிரட்டை வடிவம் குலையாமல் இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் கசிந்து ஒவ்வொரு கோடைக்கும் காய்ந்ததில் மேலே கன்னங்கரேல் என்று மினுமினுப்பான ஒரு தோல். அம்மிக் குழவியால் தட்டியதும் கல் போலத் தெறித்தது. உள்ளே அடர்ந்த பழுப்பு, இடையிடையே சர்க்கரைக் குருணை.

அந்த வருஷத்து வேம்பாற்றுக் கருப்பட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். புதுசை வாயில் போட்டதும் தித்திப்பு முன்னால் வந்து நின்றது. கூடவே பதநீர் வாசம், லேசான உப்புக்கரிப்பு. பழசில் முதலில் வந்தது புகை. பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு. தித்திப்பு கடைசியில்தான் வந்தது, ஆனால் வந்தது போகவே இல்லை. உப்புச்சுவை எங்கேயோ அமுங்கிவிட்டிருந்தது.

“புதுசு நாக்கோட போயிரும்யா. பழசு தொண்டைக்குள்ள எறங்கித்தான் இனிக்கும்” என்றார் பெரியம்மா. அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தச் சுவை மாற்றத்துக்கு வேதியியல் இருக்கிறது. சர்க்கரையும் பதநீரிலிருந்து வந்த அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் மாற்றுகின்றன. அடுப்பில் வேகமாக நடக்கும் அந்த மாற்றம் பரணில் வருஷக்கணக்கில் மெல்ல நடக்கிறது. பழைய சிவப்பு வைனில் நடப்பது வேறு: துவர்ப்புத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வண்டலாகப் படிய, துவர்ப்பு தணிகிறது. வழி வேறானாலும் இரண்டிலும் முரட்டுச் சுவை அடங்கி, அதன் கீழே இருந்த சுவைகள் மேலே வருகின்றன.

வைனை இப்படி எடுத்துவைக்கிறவர்களும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்றொரு வைன் பண்ணை இருக்கிறது. 1878இல் புதிய கிடங்கு கட்டி முடித்ததும் பென்னோ செப்பல்ட் தன் சிறந்த போர்ட் வைனில் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று வைத்தார். அதன் பின் வருஷத்துக்கு ஒரு பீப்பாய் ஒதுக்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. அதே 1878இல் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து மிஞ்சியவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அங்கே மிகுதியைப் பெருமிதமாக எடுத்துவைத்தார்கள். வானம் பார்த்த பூமியிலோ, நாளைக்கு இல்லாமல் போய்விடுமே என்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பயத்தின் விளைச்சலும் பரோசாவின் பீப்பாய்க்குக் குறைந்தது அல்ல என்பதே என் தீர்மானம்.

பரோசாவில் அந்தப் பீப்பாய்களுக்கு வருஷக்கணக்கு இருக்கிறது, விலை இருக்கிறது, பார்க்க வருகிற கூட்டம் இருக்கிறது. பழங்கருப்பட்டிக்கு எதுவும் இல்லை. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது, சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி மலிந்து கிடக்கிறது, பரண் வைத்த அடுப்படிகளும் போய்விட்டன.

சித்திரை, வைகாசியில் வேம்பார்ப் பக்கம் போனால் விடிலியிலேயே நேரடியாக வாங்குங்கள். கேட்கிற விலையைக் கொடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரம் புகாத பாத்திரத்தில் இரண்டு கிலோவைத் தனியே எடுத்துவைத்து, மாதமும் வருஷமும் எழுதிய ஒரு சீட்டை உள்ளே போடுங்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒருமுறை வெயில் காட்டுங்கள். மூன்று வருஷம் கழித்து, அந்த வருஷத்துப் புதுசோடு பக்கத்தில் வைத்து உடைத்து, வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள்.